முதலாம் வருட எழுத்து வகுப்பில் உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள்?

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வந்து, கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலையிலோ தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஒலுவிலிலோ இடம் கிடைத்துப் போகிற பிள்ளைகள் முதல் செமஸ்டர் நேரசூசியில் ஒரு பாடத்தைக் காண்பார்கள். ஓரிடத்தில் அதற்குக் கல்விசார் எழுத்து என்று பெயர், இன்னோரிடத்தில் எழுத்துத் திறன். சில பீடங்களில் ஆங்கிலப் பாடத்துக்குள்ளேயே அது அடங்கியிருக்கும். மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உள்ள உயர் தொழினுட்பவியல் நிறுவனங்களில் டிப்ளோமா படிக்கப் போகிறவர்களுக்கும், திறந்த பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு நிலையத்தில் பதிந்தவர்களுக்கும் இதைப்போல ஒன்று வரக்கூடும். "கட்டுரைதானே, சின்ன வகுப்பிலிருந்தே எழுதி வாறம்" என்று அதை லேசாக எடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். முதல் ஒப்படை திரும்பி வரும்போது அதன் ஓரத்தில் "இதில் உங்கள் கருத்து எங்கே?" என்று எழுதியிருக்கும். பிழையில்லாத தமிழில், அழகான கையெழுத்தில் எழுதிய பிள்ளைக்குக்கூட அதே கேள்விதான். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே ஆயத்தமாவதற்காக.

இப்படியொரு வகுப்பை முதலாம் வருடத்தில் கட்டாயமாக வைக்கும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1885இல் முதலாம் வருட மாணவர்களுக்கு 'இங்கிலிஷ் ஏ' என்ற எழுத்துப் பாடத்தைக் கொண்டுவந்தது. நுழைவுப் பரீட்சையில் பிள்ளைகள் எழுதியதைப் பார்த்து அங்குள்ள ஆசிரியர்கள் கவலைப்பட்டதுதான் அதற்குக் காரணம். நல்ல பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவர்களுக்கும் பல்கலைக்கழக எழுத்து புதிதாகத்தான் இருந்தது. ஆகவே ஒலுவிலில் உட்கார்ந்து தடுமாறுகிற பிள்ளை தன் ஊரையோ பள்ளிக்கூடத்தையோ நினைத்துக் கூச்சப்பட ஒன்றும் இல்லை. இது எல்லா இடத்திலும் எல்லாரும் புதிதாகப் படிக்கிற விஷயம்.

பள்ளிக்கூடக் கட்டுரைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

உயர்தரத்தில் ஒரு வினாவுக்கு விடை எழுதும்போது, திருத்துபவரின் கையில் புள்ளித் திட்டம் ஒன்று இருக்கும். அதில் உள்ள விடயங்கள் உங்கள் விடைத்தாளில் எத்தனை வந்திருக்கின்றன என்று பார்ப்பார். அதனால்தான் டியூசனில் தந்த குறிப்பை மனனம் செய்தோம், கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பழகினோம். அந்தப் பழக்கத்தில் குற்றமில்லை. லட்சக்கணக்கான விடைத்தாள்களை ஒரே அளவுகோலில் திருத்த வேண்டிய பரீட்சைக்கு அது பொருத்தமானது.

எழுத்து வகுப்பில் அப்படியொரு விடை எங்கேயும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. ஒரே தலைப்பில் நாற்பது பேர் எழுதினால் நாற்பது விதமான கட்டுரை வரலாம், அதில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கட்டுரைக்கும் நல்ல புள்ளி கிடைக்கலாம். விரிவுரையாளர் தேடுவது வேறு: இந்தப் பிள்ளை ஒரு கேள்வியைத் தானாகக் கேட்டிருக்கிறதா, அதற்கு ஒரு பதிலைத் துணிந்து சொல்லியிருக்கிறதா, அந்தப் பதிலை நம்பக் காரணம் காட்டியிருக்கிறதா, மாற்றுக் கருத்துள்ளவருக்கு மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறதா. மொழிநடைக்கும் எழுத்துப் பிழைக்கும் புள்ளி உண்டு. ஆனால் அது கடைசிப் பங்குதான்.

பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வரும் சில வசனங்களை இங்கே வாசலில் விட்டுவிடுங்கள். "ஆதிகாலம் தொட்டு மனிதன்...", "இன்றைய நவீன உலகிலே..." என்று தொடங்கும் முகவுரைகள். கடைசியில் ஒரு குறள், அப்புறம் "எனவே நாம் அனைவரும் ஒன்றிணைந்து" என்ற முடிவுரை. இவற்றில் எதுவும் தப்பான வசனமில்லை. எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற வசனம் உங்கள் தலைப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்பதுதான் குறை.

தலைப்பு வேறு, வாதம் வேறு

முதல் ஒப்படைகள் அநேகமாகத் தவறிப்போகும் இடம் இதுதான், ஆகவே இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

'மட்டக்களப்பு வாவி' பற்றி எழுதச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே எழுதத் தோன்றுவது இப்படித்தான் இருக்கும்: வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது, கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் நடுவே கிடக்கிறது, கல்லடிப் பாலம் அதன் மேலே போகிறது, இங்கே மீன் பாடும் என்பார்கள், கண்டல் காடு உண்டு, இறால் உண்டு. இரண்டு பக்கம் நிறைந்துவிடும். வாசிக்கிறவர் இதில் எதையாவது மறுக்க முடியுமா? முடியாது. எதையும் மறுக்க முடியாத எழுத்தில் வாதம் இல்லை, தகவல் மட்டும்தான் இருக்கிறது.

சரி, அதே வாவியை வைத்து ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம். மாரியில் மழை அடித்து ஊற்றி வாவி பெருகும்போது, பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரத்தை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் எல்லாருக்கும் ஒரே விருப்பமா? படுவான்கரையில் வயல் மூழ்கிக் கிடக்கிற விவசாயிக்கு ஒரு நியாயம் இருக்கும். வாவியில் வலை வீசிப் பிழைக்கிறவருக்கு இன்னொரு நியாயம். தாழ்ந்த இடத்தில் வீடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு வேறொன்று. இவர்களில் யாருடைய சொல்லுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று கேட்டவுடனேயே கட்டுரைக்கு உயிர் வந்துவிடுகிறது.

அந்தக் கேள்விக்கு ஒரு மாணவி இப்படிப் பதில் எழுதுகிறாள் என்று வையுங்கள்: "முகத்துவாரத்தை வெட்டும் நாளைத் தீர்மானிக்கும்போது விவசாயிகளுடன் வாவி மீனவர்களையும் கேட்க வேண்டும். ஏனென்றால் நீர் வடிவதும் உப்பு ஏறுவதும் அவர்களின் மீன்பிடியை நேரடியாகப் பாதிக்கும்." இது வாதம். ஒருவர் இதை மறுக்கலாம். "வெள்ளம் வீட்டுக்குள் வரும் நேரத்தில் யாரிடம் கேட்டுக்கொண்டு நிற்பது?" என்று கேட்கலாம். பிடி உண்மையிலேயே பாதிக்கப்படுகிறதா என்று ஆதாரம் கேட்கலாம். அந்த மாணவியின் மிச்சக் கட்டுரை முழுவதும் இந்தக் கேள்விகளுக்குப் பதில்தான். யாரிடம் போய்க் கேட்க வேண்டும், கடற்றொழில் திணைக்களத்திலா நீர்ப்பாசனத் திணைக்களத்திலா தகவல் தேட வேண்டும், எந்த வருட வெள்ளத்தைப் பற்றிய பழைய பத்திரிகையைப் புரட்ட வேண்டும் என்பதையெல்லாம் அந்த இரண்டு வசனங்களே காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் மைய வசனம் வாதம்தானா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதைப் பக்கத்து அறைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். "ஓம்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தால் அது தகவல். "அதெப்படிச் சொல்லுவாய்?" என்று திருப்பிக் கேட்டால் நீங்கள் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். மிகப் பெரிய தலைப்பை எடுத்தால் இந்தக் கேள்வி எழாது. 'சுற்றாடல் மாசடைதல்' என்பதை ஆயிரம் சொல்லில் எழுதுவது யாராலும் முடியாத வேலை. உங்கள் ஊர் வாய்க்காலில் பொலித்தீன் சேர்வது ஏன் மாரிக்கு முன் நிற்கவில்லை என்பதை ஆயிரம் சொல்லில் நன்றாகவே எழுதலாம்.

பந்தியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு பந்தி ஒரு விடயத்தைத்தான் சொல்ல வேண்டும், அந்த விடயம் மைய வாதத்துக்கு எப்படி உதவுகிறது என்பது வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும். ஒரு பந்தியைத் தூக்கி எறிந்தாலும் கட்டுரைக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் அந்தப் பந்தி அங்கே வேண்டாம். மேற்கோளோடு பந்தியை முடித்துவிடாதீர்கள். மேற்கோளுக்குப் பிறகு, அதை ஏன் கொண்டுவந்தீர்கள் என்று நீங்கள் ஒரு வசனமாவது பேச வேண்டும்.

திருத்தி எழுதுவதுதான் பாடம்

எழுத்து வகுப்பில் ஒரே கட்டுரையை இரண்டு முறை, சில இடங்களில் மூன்று முறை கேட்பார்கள். முதல் வரைவு, சக மாணவர் வாசித்துச் சொன்ன கருத்து, அதன் பிறகு திருத்திய வரைவு என்று வரிசையாக வரும். பலருக்கு இது தண்டனை போலத் தெரிகிறது. என்னைக் கேட்டால் முழுப் பாடத்திலும் பெறுமதியான பகுதி இதுதான். மற்றதையெல்லாம் புத்தகம் பார்த்துக்கூடப் படிக்கலாம். தன் எழுத்தைத் தானே பிரித்துப் போட்டு மறுபடி கட்டுவதை ஒருவர் பக்கத்தில் இருந்துதான் பழக்க வேண்டும்.

எழுத்துப் பிழையைத் திருத்தி, இரண்டு வசனத்தை மாற்றிவிட்டு 'இரண்டாம் வரைவு' என்று கொடுப்பதை விரிவுரையாளர் ஏற்கமாட்டார். முதல் வரைவு எழுதும்போதுதான் நாம் என்ன நினைக்கிறோம் என்பது நமக்கே தெரிய வருகிறது. முதலாம் வருட ஒப்படைகளில் திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்க்கலாம்: உண்மையான வாதம் முதல் பக்கத்தில் இருக்காது, கடைசிப் பந்தியில் களைத்துப்போய் எழுதிய இரண்டு வரியில் இருக்கும். வாவியைப் பற்றி மூன்று பக்கம் வர்ணித்த பிள்ளை கடைசியில் "ஆனாலும் மீனவர்களை யாரும் கேட்பதில்லை" என்று எழுதியிருக்கும். அந்த வரியை எடுத்து மேலே வையுங்கள். அதற்கு உதவாத பந்திகளை, எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருந்தாலும், வெட்டுங்கள். அப்போது வருவதுதான் இரண்டாம் வரைவு.

சக மாணவரின் கட்டுரையை வாசிக்கும்போது "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுக்காதீர்கள். மனம் நோகுமே என்று நினைத்து அப்படிச் சொல்கிறோம், ஆனால் அதனால் அவருக்கு எந்தப் பிரயோசனமும் இல்லை. மூன்று விடயம் சொன்னால் போதும். "நீ சொல்ல வந்தது இதுதான் என்று எனக்கு விளங்கினது." "இந்த இடத்தில் எனக்கு விட்டுப்போச்சு." "இதுக்கு ஆதாரம் கேட்பன்." எழுத்துப் பிழையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். கையால் எழுதிக் கொம்யூனிகேஷன் கடையில் கொடுத்து டைப் செய்து வாங்கிச் சமர்ப்பிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. காசு கொடுத்து டைப் பண்ணிய ஒன்றைப் பிரித்துப் போட யாருக்கும் மனம் வராது. ஆகவே தமிழ் டைப்பிங்கை முதல் மாதத்திலேயே பழகிக்கொள்ளுங்கள், போனில் பழகினாலும் பரவாயில்லை. பழகும்போது யூனிகோட்டில் பழகுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், அதில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடவும் முடியாது. கடைசி இரவில் அதைக் கண்டுபிடித்து அழுவதைவிட முதலிலேயே மாறிக்கொள்வது நல்லது.

யார் சொன்னது, எங்கே சொன்னார்?

இன்னொருவரின் கருத்தையோ வசனத்தையோ எடுத்தால் அது யாருடையது என்று சொல்ல வேண்டும். வசனத்தை மாற்றி உங்கள் நடையில் எழுதினாலும் சொல்ல வேண்டும். இதில்தான் நல்ல பிள்ளைகளும் அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நோட்ஸில் இருந்ததை அப்படியே எழுதினால் கெட்டிக்காரர் என்றார்கள். இங்கே அதே செயலுக்குக் கருத்துத் திருட்டு என்று பெயர், புள்ளி பூச்சியமாகலாம். இந்த மாற்றத்தை யாரும் உட்கார வைத்துச் சொல்லாததால் வரும் துன்பம் பெரிது.

மேற்கோள் காட்டும் முறைகளில் ஏபிஏ, எம்எல்ஏ, ஹார்வர்ட் என்று பல உண்டு. உங்கள் பீடம் எதைக் கேட்கிறதோ அதை மட்டும் படியுங்கள். தமிழ் நூல்களுக்கு வரும்போது பெயரில் ஒரு குழப்பம் வரும். அந்த முறைகள் குடும்பப் பெயரை முன்னே போட்டு, தனிப் பெயரையோ அதன் முதலெழுத்தையோ பின்னே போடச் சொல்கின்றன. எங்களுக்கோ முன்னெழுத்துப் பெரும்பாலும் தகப்பனாருடையது, பின்னே வருவதுதான் ஆளின் சொந்தப் பெயர். ஆகவே 1962இல் மட்டக்களப்பின் பழைய வரலாற்று நூலான மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்த எவ். எக்ஸ். சி. நடராசாவை 'நடராசா, எவ். எக்ஸ். சி.' என்று எழுதினால் போதும், அகரவரிசையில் அவர் 'ந'வில் வருவார். முஸ்லிம் எழுத்தாளர்களின் பெயருக்கு முன்னே மூன்று முன்னெழுத்து இருந்தாலும் வழி இதுதான். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளுக்குத் துறவுப் பெயரே பெயர். 'விபுலாநந்த அடிகள். (1947). யாழ் நூல்.' என்று தொடங்கலாம். எதை எழுதினாலும் கட்டுரை முழுவதும் ஒரே மாதிரி எழுதுங்கள். வாசிப்பவர் அந்த நூலைத் தேடிக் கண்டுபிடிக்க முடிய வேண்டும், அதற்குத்தான் இந்தச் சிரமமெல்லாம்.

நூல்களைத் தேடப் பல்கலைக்கழக நூலகம் முதல் இடம். அதற்கு அடுத்தபடியாக, 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் பெருந்தொகையாக மின்வடிவில் கிடைக்கின்றன. வாகரையில் வீட்டில் இருந்தபடியே பழைய மட்டக்களப்புச் சிறப்பு மலர் ஒன்றைத் தேடிப் படிக்க முடிவது சின்ன விடயமில்லை. வயதானவர்களிடம் கேட்டு எழுதும் தகவலும் ஆதாரம்தான். ஆனால் யார், எந்த ஊர், எந்தத் திகதியில் சொன்னார் என்று குறித்து வையுங்கள், பெயரைப் போடலாமா என்று அவரிடமே அனுமதி கேளுங்கள்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, அதை வைத்து எழுதலாமா என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் இருக்கிறது. ஒவ்வொரு விரிவுரையாளரும் ஒவ்வொரு விதி வைத்திருப்பார், முதல் கிழமையிலேயே கேட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் எல்லா இடத்துக்கும் பொருந்தும்: அது தரும் நூற்பெயர்களை நம்பி உசாத்துணையில் போடாதீர்கள். இல்லாத நூலுக்கு இல்லாத ஆசிரியரையும் வருடத்தையும் சேர்த்து நம்பும்படி எழுதித் தரும். முகத்துவாரத்தைப் பற்றி உங்கள் மாமாவுக்குத் தெரிந்தது அதற்குத் தெரியாது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

நேரமும் புள்ளியும்

இலங்கையின் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. விரிவுரையாக நடந்தால் அதில் 15 மணித்தியாலம்தான் வகுப்பறையில். இரண்டு கிரெடிட் பாடமென்றால் 100 மணித்தியாலத்தில் 30 வகுப்பில் போக, மிச்சம் 70 உங்கள் பொறுப்பு. 15 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு நாலரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட வரும். வாசிப்பும் வரைவும் திருத்தமும் இதற்குள்தான் நடக்க வேண்டும். பொத்துவிலிலிருந்தோ வாழைச்சேனையிலிருந்தோ தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர்கள் இந்த நேரத்தை எங்கே ஒதுக்குவது என்று செமஸ்டர் தொடங்கும்போதே தீர்மானிக்க வேண்டும்.

வரவு பொதுவாக 80 வீதம் கேட்பார்கள். 30 மணித்தியாலத்தில் 6 மணித்தியாலம் தவறலாம், அவ்வளவுதான். மாரியில் றோட்டு மூடும் நாட்களுக்காக அதைச் சேமித்து வையுங்கள், கார்த்திகைக்கு முன்பே செலவழித்துவிட வேண்டாம். புள்ளி ஒரு பரீட்சையில் மட்டும் தங்கியிருக்காது. வரைவுகள், சிறு ஒப்படைகள், வகுப்பில் எழுதுவது எல்லாம் தொடர் மதிப்பீட்டில் சேரும். கடைசி இரண்டு நாளில் கண் விழித்துப் படித்து ஒப்பேற்றும் பாடம் இதுவல்ல.

ஆங்கிலத்தில் எழுத வேண்டிய பீடமென்றால் பயம் இரட்டிப்பாகும். வாதத்தை முதலில் தமிழில் யோசித்து, தமிழிலேயே நாலு வரியில் எழுதிப் பாருங்கள். பிறகு அந்தத் தமிழ்த் தாளை மூடி வைத்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த சின்னச் சின்ன ஆங்கில வசனங்களில் அதைச் சொல்லுங்கள். தமிழ் வசனத்தைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் வாசிப்பவருக்கு விளங்காது. சிறிய வசனத்தில் தெளிவாகச் சொன்ன வாதத்தை எந்த விரிவுரையாளரும் மதிப்பார்.

விளங்காத இடத்தில் போய்க் கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் சேரிடமோ மிஸ்ஸிடமோ கேட்கத் தயங்குகிறார்கள், கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். "சேர், எனக்கு ஒண்டும் விளங்கல்ல" என்று மட்டும் சொன்னால் அவரால் எங்கே தொடங்குவது என்று கண்டுபிடிக்க முடியாது. வரைவைக் கையில் கொண்டுபோங்கள். "சேர், மீனவர்களைக் கேட்க வேணும் என்பது என் வாதம். மூன்றாம் பந்தியில் விவசாயிகளின் பக்கத்தைச் சொல்லிப்போட்டன், ஆனால் அதுக்குப் பதில் சொல்ல வழி தெரியல்ல. எதை வாசிக்கலாம்?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டு வருகிற பிள்ளைக்கு அரை மணித்தியாலம் ஒதுக்காத விரிவுரையாளர் குறைவு.